தங்கச்சியின் ரொட்டியை நிறுத்தப் போனேன்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்த பிள்ளைகள் ஐந்து. நாலு நான் பெற்றது. ஐந்தாவது என் கொழுந்தனின் மகள், தாய் இல்லாமல் வந்தவள். அவளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே பானைச் சோறு, ஒரே கை அடி. ஐந்து பேரும் இன்று அவரவர் காலில் நிற்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் இழுப்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் இல்லை.

நான் இருப்பது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விடிந்தால் கோதுமை மா ரொட்டிதான். மாவில் உப்பும் தண்ணீரும், வீட்டில் இருந்தால் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டிச் சுட்டு, சம்பலோடு தின்றுவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறுவோம். என் ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தது அந்த ரொட்டி. அதே ரொட்டிதான் என்னை எட்டு வருஷமாக உள்ளே இருந்து அரித்துக்கொண்டிருந்தது என்று போன வருஷம் கண்டியில் ஒரு டாக்டர் பிள்ளை சொன்னாள்.

எட்டு வருஷமும் வயிறு போய்க்கொண்டே இருந்தது. இரத்தம் இல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். பூச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள். கண்ணூறு என்று மந்திரித்தார்கள். இந்தப் பிள்ளைதான் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாள். குடலுக்குள்ளே குட்டிக் குட்டியாக நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதெல்லாம் மொட்டையாகக் கிடக்கிறதாம். படத்தைக் காட்டினாள். கவாத்து வெட்டிய தேயிலை மலை மாதிரித்தான் இருந்தது. நோய்க்குப் பெயர் சீலியாக். கோதுமையில் இருக்கும் ஏதோ ஒன்று சில உடம்புக்குப் பகை. மருந்து கிடையாது. சாகும்வரை ரொட்டி, கடையில் வாங்கும் பாண், ரவை, சேமியா, பார்லி எதையும் வாயில் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்.

நிறுத்தினேன். ஆறே மாதத்தில் என் ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா அம்மா? அவங்களுக்கும் இருக்கலாம். கட்டாயம் சோதிச்சுப் பார்க்கணும்" என்றாள் டாக்டர்.

எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி, பாக்கியம். வயது அறுபத்தேழு. கல்யாணமான மறு வருஷம் புருஷனோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவள். நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தாள். இப்போது மகன் குமாரோடும் மருமகள் சாந்தியோடும் அதே தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறாள். போனில் முகம் பார்த்துப் பேசும்போது அவள் கழுத்தெலும்புக் குழியில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி வைக்கலாம் போல இருக்கும். இரத்தம் இல்லை என்று அவளுக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வயிறும் அப்படித்தான்.

"ரொட்டியை நிறுத்துடி" என்றேன்.

"அம்மா இருந்தவரைக்கும் உன் பழைய பாவாடையைத்தான் எனக்குக் கட்டிவிட்டுச்சு. இப்ப நோவையும் உன்கிட்ட இருந்துதான் வாங்கிக் கட்டணுமா?" என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் இதே சண்டை. அதற்கப்புறம் அவள் போனில் முகமே காட்டவில்லை. போனில் ஜெயிக்க முடியாது, நேரில் போய்த்தான் ஜெயிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

ஆறு கிலோ மா கட்டிக்கொண்டு போனேன். அரிசி மா, குரக்கன் மா, உளுத்தம் மா. என் மகன் எனக்குத் தெரியாமல் விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறான். கோயம்புத்தூரில் இறங்கியதும் ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து உட்காரச் சொன்னார். நாற்பது வருஷம் மலை ஏறிய கால் இது. மாப்பையைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். நான் நடந்தேன், மா உட்கார்ந்து வந்தது.

சோதனை போடும் இடத்தில் ஒரு ஐயா பையைத் திறந்தார். "ஏனுங்கம்மா, இதென்னங்க பொடி?"

"குரக்கன் மா. நீங்க ராகின்னு சொல்லுவீங்களாம்."

"எங்கூர்ல ராகி கெடைக்காதுன்னா தூக்கிட்டு வந்தீங்க?"

"உங்க ஊரு மில்லுல கோதுமையும் அரைப்பாங்க, அதே மெஷின்ல இதையும் அரைப்பாங்க. ஒட்டிக்கும். எனக்குக் கோதுமை ஆகாது."

"ஆகாதுன்னா? சப்பாத்தி?"

"ஆகாது."

"பரோட்டா?"

"ஆகாது."

"அடக் கடவுளே" என்று அவரே பையை மெதுவாகக் கட்டிக் கொடுத்தார். துக்க வீட்டில் கை கொடுப்பது போல இருந்தது.

வெளியே குமார் ஜீப்போடு நின்றான். தோட்டத்து ஃபேக்டரியில் வேலை, லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். "பெரியம்மா" என்று காலில் விழுந்தான். நிமிர்ந்தபோது பார்த்தேன், என் தங்கச்சியின் மூக்கு.

மலை ஏற ஏற எனக்கு எங்கள் ஊருக்குள் போவது போலவே இருந்தது. அதே தேயிலை, அதே மூடுபனி, அதே வளைவு. மக்கள் பேசுவதுதான் வேறு. எங்கள் ஊரில் பேச்சு நேராக வரும். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' மரியாதையாகக் கைகட்டிக்கொண்டு வருகிறது.

ஊட்டியில் டீக்கு நிறுத்தினான் குமார். கடைக்காரர் கேட்காமலேயே டீயோடு ஒரு தட்டில் இரண்டு வர்க்கி வைத்தார். வர்க்கி என்பது அந்த ஊர்ப் பண்டம், அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும்.

"எனக்குக் கோதுமை ஆகாதுங்க" என்றேன். ஊர் மரியாதைக்கு நானும் ஒரு 'ங்க' போட்டேன்.

"இது கோதுமை இல்லீங்க அம்மிணி. மைதாங்க."

"மைதா எதுல வருது?"

"மைதா பாக்கெட்டுல வருதுங்க."

டீயை மட்டும் குடித்தேன். பிறகு அந்தப் பயணம் முழுக்க இதே பாட்டுத்தான். கோதுமை இல்லீங்க, ரவைங்க. கோதுமை இல்லீங்க, சேமியாங்க. கோதுமையை அந்த நாட்டில் யாரும் தின்பதே இல்லை. அதன் பிள்ளைகளைத்தான் தின்கிறார்கள்.

சாயங்காலம் லைனுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் பார்க்கப் போகிறேன். எலும்பும் தோலுமாக ஒருத்தி வாசலில் நிற்பாள், கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று வழி நெடுக முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். வந்து நின்றவளுக்குக் கன்னத்தில் சதை, கையில் வளையல் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

"எங்கேடி எலும்பு?" என்றேன். அதுதான் ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் நான் பேசிய முதல் பேச்சு.

"எலும்பு எதுக்கு? நாய் வளக்கிறியா?" என்றாள் அவள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

முகம் கழுவுவதற்குள் தட்டு வந்துவிட்டது. வட்டமாக, ஓரம் கருகாமல், நடுவில் புள்ளி புள்ளியாகச் சிவந்து நாலு ரொட்டி. பக்கத்தில் தேங்காய்ச் சம்பல். அந்த லைனில் பாதிக் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தவர்கள்தான். யார் வீட்டுக்கு உறவு வந்தாலும் முதலில் ரொட்டி வைத்துத்தான் வாவென்று சொல்வார்களாம். அதைப் பார்ப்பதற்கென்றே பத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். பாக்கியம் அந்தத் தோட்டத்தில் பேர்பெற்றவள். காலையில் ஃபேக்டரிக்குப் போகிறவர்கள் அவளிடம்தான் 'சிலோன் ரொட்டி' வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

"நான் திங்க மாட்டேன்னு தெரியும்ல?" என்றேன்.

"தெரியும். அதுக்காக வைக்காம இருக்க முடியுமா?" என்றவள் வாசல் பக்கம் திரும்பி, "பாத்துக்கங்க. கடல் தாண்டி வந்த அக்கா என் கை ரொட்டியத் தொடாதாம்" என்றாள்.

நான் அசையவில்லை. என் பையைத் திறந்து குரக்கன் மாவை வெளியே எடுத்தேன். வாசலில் நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

"ஐயோ பெரியம்மா, ராகியா? வாசத்துக்கு யானை வந்துரும்!" என்றாள் சாந்தி.

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. அந்தப் பக்கம் யானைக்கு அரிசி, ராகி வாசம் பிடித்துவிட்டால் சமையல் கட்டுச் சுவரை இடித்துக்கொண்டு தும்பிக்கையை விடுமாம். குமார் என் ஆறு கிலோவையும் இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மேலே கல் ஏற்றினான். கோதுமை தின்றால் எனக்கு ஆபத்து, கோதுமை தின்னாவிட்டால் லைனுக்கே ஆபத்து என்று ஆகிவிட்டது.

மறுநாள் விடியும்போதே எழுந்துவிட்டேன். பாக்கியம் அடுப்படியில் தட்டிக்கொண்டிருந்தாள். தட், தட் என்று அதே சத்தம். சுட்டதையெல்லாம் துணியில் சுற்றி வைத்தாள். ஃபேக்டரி ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள்.

"நீ திங்கலையா?"

"நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நாலு தின்னாச்சு."

"நாலு தின்னும் வயிறு ஒன்னும் செய்யலையா?"

"கல்லு மாதிரி இருக்கேன். நீதான் பாக்குறியே."

பார்க்கத்தான் பார்த்தேன். அவள் சொன்னதை நம்பினால் நான் வந்ததே வீண். நம்பாமல் இருக்கவும் வழியில்லை, எதிரே கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் எனக்குத்தான் வயிறு புரட்டியது. சோறும் ரசமும் தவிர நான் எதையும் தொடவில்லை. "பிளேன்ல உக்காந்து வந்த சூடு" என்றாள் பாக்கியம். நான் விடவில்லை. அடுப்படியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து வரிசையாக வைத்து, குமாரைப் படிக்கச் சொன்னேன். மிளகு, சீரகம், புளி எல்லாம் ஒழுங்கு. கடைசியில் பெருங்காய டப்பா. அதில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. கட்டி உடையாமல் இருக்க மா கலந்து விற்கிறார்களாம்.

"பெருங்காயத்துலயுமா?" என்றாள் பாக்கியம். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டப்பாவை மூடி, அவளே எடுத்து வெளியே போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெருங்காயம் இல்லை. அக்காமேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் சோதனைக்கு வர மறுத்தாள். மலையில் இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் ஊசி குத்திக்கொள்ள அவளுக்குப் பைத்தியமா என்றாள். கடைசியில் சாந்தி முன்னால் பந்தயம் கட்டினோம். நோய் இருக்கிறது என்று வந்தால் பாக்கியம் ரொட்டியை நிறுத்த வேண்டும். இல்லை என்று வந்தால், நான் இனிமேல் ரொட்டியை வைத்து அவளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அது மட்டும் போதாது என்றாள் பாக்கியம். ஊர் பார்க்க நானும் ரொட்டி தின்ன வேண்டுமாம்.

"சரி" என்றேன். ஜெயிக்கிற திமிரில் சொன்னது.

நாலாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் குமாருமாக ஊட்டி பஸ் ஏறினோம். நடுவழியில் பஸ் நின்றது. முன்னால் ரோட்டில் ஒரு யானை அதுபாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. எங்கள் நாட்டு பஸ் என்றால் ஆட்கள் சன்னலால் தலையை நீட்டி டிரைவருக்கு யோசனை சொல்லியே கொன்றுவிடுவார்கள். இங்கே எல்லோரும் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தார்கள். "அதுக்கு நேரமானா போகும், குழப்பமில்ல" என்று, கவலை வேண்டாம் என்பதை அந்தப் பக்கத்து மலையாளத்தில் சொல்லிவிட்டு, பாக்கியமும் தலையைச் சாய்த்தாள். அது சாவகாசமாகப் போனபிறகு நாங்கள் போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கண்டியில் எனக்குக் கொடுத்த காகிதங்களை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பாக்கியத்திடம் கேட்டார்: "ஏனுங்கம்மா, கோதுமை தெனமும் சாப்பிடறீங்களா?"

"தெனம் நாலு ரொட்டிங்க சார். சிலோன் ரொட்டி. நீங்க சாப்பிட்டுப் பாக்கணும்."

"நிறுத்தலையே?"

"நான் ஏனுங்க நிறுத்தறேன்?"

இரத்தம் எடுத்தார்கள். குமாருக்கும் எடுக்கச் சொன்னார் டாக்டர். அது வரைக்கும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன், "எனக்கா? பரோட்டா போயிருமா சார்?" என்று வியர்த்துவிட்டான்.

காகிதம் வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்துக் கோவிலில் கேசரி கொடுத்தார்கள், கோதுமை இல்லீங்க ரவைங்க என்றார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டு குமாரிடம் கொடுத்தேன். நான் குரக்கன் ரொட்டி சுட்டேன். சாந்தி ஒன்று தின்று பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னாள். இன்னொன்று எடுக்கவில்லை. பாக்கியம்தான் உப்புப் பார்க்கிறேன், வெந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று மூன்றைக் காலி செய்தாள்.

ஒன்பதாம் நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஊட்டிக்குப் போனோம். டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பையனுக்கு ஒன்னும் இல்லீங்க. உங்களுக்கும் இதுல ஒன்னும் தெரியலீங்கம்மா. பழைய ரிப்போர்ட்ட எல்லாம் பாத்தா இருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார்.

பாக்கியம் நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்குக் கும்பிடு போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்கக்காங்க. சிலோன்ல இருந்து பிளேன் புடிச்சு வந்து எனக்கு நோவு குடுக்கப் பாத்துச்சு. டாக்டரே இல்லைன்னுட்டாரு." கண்டக்டர் சிரித்தார். முன் சீட்டில் வெள்ளைத் துணி போர்த்திய படுகப் பெண் ஒருத்தி, மடியில் கேரட் பையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் படுகு மொழியில் என்னவோ சொன்னாள். பாக்கியத்துக்கு அந்தப் பேச்சு புரியும். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "இந்த ரெண்டு கெழவிகளையும் ஊட்டுல யாரும் தேட மாட்டாங்களான்னு கேக்குறா" என்றாள்.

நடுவட்டத்தில் டீக்கு பஸ் நின்றது. பாக்கியம் இரண்டு டீயும் இரண்டு வர்க்கியும் வாங்கி வந்தாள். என் முன்னால் நீட்டினாள்.

"ரொட்டிக்கு ஊடு வரைக்கும் போகணும். வர்க்கியும் அதே மாதான். ஊர் பாக்கத் தின்னு."

கண்டக்டர், கடைக்காரர், படுகப் பெண், எல்லோரும் பார்த்தார்கள். எனக்குத் தெரியும், தின்றால் மூன்று நாள் எழ முடியாது. ஆனால் ஐந்து பிள்ளைகளை வளர்த்த வாய் இது. சொன்ன சொல்லை ஒரு பிள்ளையிடமும் மாற்றியதில்லை. இரண்டு வர்க்கியையும் கையில் வாங்கினேன். ஒன்றை வாய்க்குக் கொண்டுபோனேன். அதன் நெய் வாசம் மூக்கில் ஏறியது. ஒரு வருஷமாகிவிட்டதே என்று நாக்கு வேறு ஊறியது, வெட்கம் கெட்ட நாக்கு.

பட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாக்கியம்.

"குடு இங்க. நோவுக்காரிக்கு எதுக்கு வர்க்கி?" என்று இரண்டையும் பிடுங்கினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிடுங்கியதை என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. கண்டக்டர், "அப்ப நீங்க சாப்பிடுங்க, உங்களுக்குத்தான் ஒன்னும் இல்லீங்களே" என்றார். அவள் நிமிர்ந்து நின்று, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் தின்றாள். டீயைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கூடலூருக்கு இறங்குகிற வளைவுகளில் எனக்கு என்னமோ சந்தேகம். நான் வந்ததிலிருந்து வாய் ஓயாதவள் பேசவே இல்லை. திரும்பிப் பார்த்தால் நெற்றி முழுக்க வியர்வை. என் முழங்காலைப் பிடித்தாள்.

"அக்கா, பஸ்ஸ நிறுத்தச் சொல்லு."

"கூடலூர்ல நிறுத்துவோமுங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார் கண்டக்டர்.

"கூடலூர் வரைக்கும் இது வராது தம்பி" என்றேன்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விசில் ஊதினார்.

ரோட்டோரம் கற்பூர மரங்கள். அதன் பின்னால் அவளைக் கூட்டிப் போய், என் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். ஒரு பஸ் நிறைய ஜனம் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் அவள் வாந்தி எடுத்தாள். அதோடு போகவில்லை, மற்றதும் வந்தது.

கொஞ்சம் ஓய்ந்ததும் முந்தானைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"அக்கா. மூனு மாசமா நான் தொடலக்கா."

"எதை?"

"ரொட்டிய. நீ மொதல்ல போன்ல சொன்னல்ல, அதுக்கு மறு வாரமே விட்டுட்டேன். சும்மா விட்டுத்தான் பாப்பமேன்னு. வயிறு நின்னுருச்சு. சதை வச்சுருச்சு."

நான் திரும்பவில்லை. திரும்பினால் முந்தானை விலகும்.

"அடி பாதகத்தி! மூனு மாசம் போன்ல என்கூடச் சண்டை போட்டியேடி!"

"சொன்னா நீ ஜெயிச்சதா ஆயிரும்ல."

"டாக்டர்கிட்டயும் பொய்யா?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியே. எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்ட வாயைத் திறந்தேன். "அப்ப வர்க்கிய ஏன்டி தின்னே? என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றுதான் வந்தது.

"தெரிஞ்சதுனாலதான் உன் கையில இருந்து புடுங்கினேன்" என்றாள். குரல் கம்மிப் போயிருந்தது. "புடுங்கினதுக்கப்புறம் எங்க போடுறது? அம்புட்டுப் பேரும் பாக்குறாங்க."

நான் முந்தானையை விரித்தபடியே நின்றேன். கை வலித்தது. இறக்கவில்லை.

"ஆச்சுங்களாம்மா?" என்று கண்டக்டர் தூரத்திலிருந்து கேட்டார். படுகப் பெண் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து, ஒன்றும் கேட்காமல் பாக்கியத்துக்கு முகம் கழுவிவிட்டாள். தன் போர்வைத் துணியின் ஓரத்தாலேயே துடைத்தும் விட்டாள்.

மறுநாள் குமார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பாக்கியத்தின் கையில் கொடுத்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இந்த முறை உண்மையைச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, இந்தச் சோதனை, உங்க உடம்பு கோதுமையோட சண்டை போடுதான்னு பாக்குறதுங்க. சண்டைக்காரனே ஊட்டுல இல்லைன்னா யாரோட சண்டை போடும்? மறுபடி சாப்பிட ஆரம்பிங்க. நான் சொல்ற அளவு, ஆறு வாரம். முடியலைன்னா உடனே வாங்க. அப்புறம் இரத்தம் எடுப்போம்."

"அதெல்லாம் வேணாம் சார். ஆகலைன்னுதான் தெரிஞ்சிருச்சே, நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்றாள் பாக்கியம்.

நான் போனைப் பிடுங்கினேன். எனக்கு இவளைத் தெரியும். காகிதத்தில் வராவிட்டால், நான் விமானம் ஏறிய மறுநாள் ஒரு துண்டு, அதற்கு மறுநாள் இரண்டு துண்டு என்று ஆரம்பிப்பாள். பிறகு ஒருநாள் மறுபடியும் கழுத்தெலும்பு தெரியும். "தின்பா சார். நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

ஊருக்குக் கிளம்ப ஐந்து நாள் இருந்தது. ரொட்டியை நிறுத்தக் கடல் தாண்டிப் போனவள், விடிந்ததும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கோதுமை மா பிசைந்தேன். டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு ரொட்டி. அவள் அதை மருந்து மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு தின்றாள்.

"தடியா இருக்கு."

"தின்னு."

"ஓரம் வேகல."

"தின்னுடி."

"அம்மா இப்படித் தட்டாது."

அந்த ஐந்து நாளில் வயிறு வலித்து அவள் சுருண்டு படுத்த இரண்டு மத்தியானங்கள் உண்டு. கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டேன். நான் செய்வது சரியா என்று எனக்கே ஆட்டம் கண்டது. அவள்தான் கண்ணை மூடிக்கொண்டே, "ஆறு வாரந்தானே. அம்பது வருஷமே தின்னாச்சு" என்றாள்.

நான் ஊருக்கு வந்த பிறகும் தினம் காலையில் போன். அவள் முகத்தைக் காட்டி, ரொட்டியைக் காட்டி, வாயில் போட்டு, மென்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்தும் காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்வேன். சின்ன வயதில் விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு அவள் வாயை நான்தான் சோதிப்பேன். இப்போதும் அதே வாய், பல்தான் குறைவு.

ஆறு வாரம் முடிந்து, இரத்தம் கொடுத்து, போன வெள்ளிக்கிழமை போன் வந்தது. அவளுக்குப் பின்னால் லைனே நின்றது.

"அக்கா! இருக்கு!" என்று கத்தினாள். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

இனி அவள் திரும்பத் தின்ன மாட்டாள், டாக்டர் பேச்சைக் கேட்பாள், எனக்குப் பிறகும் இருப்பாள். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கும்பிட்டு முடிக்கக்கூட விடவில்லை.

"உன் காகிதத்தை எடு. உனக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

எடுத்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. குமாரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். "எனக்கு உன்னைவிடக் கூட!" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

இப்போது சிலோன் ரொட்டி தட்டுவது சாந்தி, அதுவும் வெளியே தாழ்வாரத்தில் தனி அடுப்பில். மா பறக்காத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குற்றம் சொல்வது பாக்கியம். குற்றம் சொல்லக் கோதுமை தேவையில்லை. அவள் தனக்கென்று தனித் தட்டு, தனிச் சட்டி வைத்துக்கொண்டு ராகி ரொட்டி சுடுகிறாள். டிரம்முக்கு மேலே இரண்டு கல் வைக்கிறார்களாம்.

எழுதி முடித்துவிட்டேன். துளசி, பேத்தி, இங்கே வா. உன் சின்ன ஆச்சி போனில் காத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குக் கேட்கிற மாதிரி இதை முதலிலிருந்து வாசி. நடுவில் அவள் பொய், பொய் என்பாள். நீ நிறுத்தாதே. கற்பூர மரத்துக்குக் கீழே நடந்ததை நிதானமாக வாசி. அவள் கணக்கு என்னைவிடக் கூட வந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்துவிட்டுப் போ.